தேர்வாகிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள், ராஜினாமா செய்யலாமா?

சென்னை சோழிங்கநல்லூரிலிருந்து முப்பது வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2021 ஜூலையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த அவருக்கு இப்போது நான்கு ஆண்டு ஒன்பது மாதப் பணி முடிந்திருக்கிறது. பெரிய பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் ஐந்து சுற்று நேர்காணலை முடித்திருக்கிறார். "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், மொத்தம் 38 லட்சம், 45 நாளில் சேர முடியுமா?" என்று அங்கிருந்து தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். ஆஃபர் லெட்டர் இன்னும் கைக்கு வரவில்லை. இப்போதைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் 90 நாள். சென்ற ஆண்டு அக்டோபரில், வேலையை விட்டுப் போகாமல் இருப்பதற்காகத் தரும் ரீட்டென்ஷன் போனஸாக இரண்டரை லட்சம் ரூபாய் வாங்கியிருக்கிறார். ஓராண்டுக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். போட்டி நிறுவனத்தில் ஓராண்டுக்குச் சேரக் கூடாது என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. "90 நாளும் வேலை பார்க்காமல் போனால் ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) தர மாட்டோம், நாஸ்காமில் (மென்பொருள் நிறுவனங்களின் தொழில் அமைப்பு) பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்போம்" என்று மேலாளர் சக ஊழியர் ஒருவரை மிரட்டியதை அவர் நேரில் கேட்டிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், இரண்டு செய்திகளையும் குறிப்பிடுகிறார். ஒன்று, 2017இல் கல்லூரி முடித்தவுடன் கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஏழு மாதம் வேலை பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். ரெஸ்யூமில் அந்தக் காலத்தை "உயர்கல்விக்குத் தயாரானேன்" என்று எழுதியிருக்கிறார். இரண்டு, மூன்றாவது சுற்றில் தன் திறமையைக் காட்டுவதற்காக, அலுவலகத்தில் தான் எழுதிய கணினி நிரலின் (கோடு) ஒரு பகுதியை, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் உள்ள தன் சொந்தக் கணக்கிலிருந்து திறந்து, திரையில் காட்டியிருக்கிறார். "வீட்டுக் கடன் தவணை மாதம் 31,000 ரூபாய். இருக்கிற வேலையை விடாதே என்கிறார் அப்பா. எனக்கோ வரும் திங்கட்கிழமையே ராஜினாமா கடிதம் அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நிறுவனம் என்மீது வழக்குப் போடுமா?" என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வாழ்த்துகள். வேலையும் பார்த்துக்கொண்டு, இரவில் படித்து, ஐந்து சுற்றைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்பது, தொழிலாளர் வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில் உங்களைப் போன்றவர்களோடு நாள்தோறும் பேசும் எனக்குத் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று பக்கம் முழுக்க இப்போதைய நிறுவனத்தைப் பற்றிய அச்சம் நிறைந்திருக்கிறது; அந்த அச்சத்தில் பெரும்பகுதிக்குச் சட்டத்தில் இடமில்லை. உண்மையில் இந்த வேலையை உங்கள் கையிலிருந்து பறிக்கக்கூடிய விஷயமோ கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் வருகிறது. அந்த ஏழு மாதத்தைத்தான் சொல்கிறேன். அதற்கு விரிவாக வருகிறேன். அதற்கு முன், கையில் காகிதம் இல்லாமல் ராஜினாமா செய்வதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தொலைபேசிச் சொல்லும் ஆஃபர் லெட்டரும்

பெரிய நிறுவனங்களில் உங்களை நேர்காணல் செய்தவர்கள் மட்டும் முடிவெடுப்பதில்லை. கூகுளில் நேர்காணல் குறிப்புகளைப் படித்து முடிவு சொல்வதற்கென்றே தனிக் குழு இருக்கிறது. அமேசானில் அந்த அணிக்குத் தொடர்பில்லாத, 'பார் ரெய்சர்' எனப்படும் ஒருவர் நேர்காணலில் உட்கார்ந்து, தகுதி போதாது என்று கருதினால் தடுக்கிறார். இந்தப் படிகளையெல்லாம் கடந்த பிறகும், சம்பளத்துக்கு ஒப்புதல், அந்த இடத்துக்கான நிதி ஒதுக்கீடு, பின்னணிச் சரிபார்ப்பு என்று இன்னும் சில வாசல்கள் இருக்கின்றன. உங்களிடம் பேசியவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அடுத்த வாரமே ஆள் சேர்ப்பை நிறுத்தி வைக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால், அவருடைய அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் உங்களுக்கு வேலை வாங்கித் தர எந்த வழக்கறிஞராலும் முடியாது. எழுத்து வடிவில் ஆஃபர் வந்து, நீங்கள் ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு அவர்கள் பின்வாங்கினால்கூட, தனியார் வேலையில் இழப்பீடு கேட்கலாமே தவிர, "என்னை வேலையில் சேர்த்தே ஆக வேண்டும்" என்று கேட்க வழியில்லை. அந்த இழப்பீடும் பல ஆண்டு நடந்து, பெரும்பாலும் சில மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடும். ஆகவே ஆஃபர் லெட்டர் வந்து, அதை நீங்கள் முழுவதும் படித்து, பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது என்ற மின்னஞ்சல் கைக்கு வந்த பிறகு ராஜினாமா செய்வதே பாதுகாப்பு. சரிபார்ப்பு முடியும் வரை சில நிறுவனங்கள் காத்திருக்க விடமாட்டார்கள். ஆனாலும், "நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே சரிபார்ப்பைத் தொடங்க முடியுமா?" என்று கேட்பது வழக்கமான கேள்விதான், அதைக் கேட்டதற்காக யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

அந்தக் கடிதம் வந்ததும் 38 லட்சம் எப்படி வருகிறது என்று பாருங்கள். இது ஆண்டுக்கு ஆண்டு கைக்கு வரும் தொகை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது, உங்கள் வீட்டுக் கடன் கணக்கிலிருந்து தெரிகிறது. பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அடிப்படைச் சம்பளம், இதர படிகள், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, செயல்திறன் போனஸ், ஒரே ஒரு முறை தரும் சேர்க்கை போனஸ், நான்கு ஆண்டுக்குப் பிரித்துத் தரும் பங்குகள் என எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். பங்குகள் எந்த விகிதத்தில் கைக்கு வரும் என்பதும் முக்கியம். அமேசான் நீண்ட காலம் பின்பற்றி வந்த முறையில் முதல் ஆண்டு 5 சதவீதம், இரண்டாம் ஆண்டு 15 சதவீதம், கடைசி இரண்டு ஆண்டுகளில் தலா 40 சதவீதம். அப்படியென்றால் 16 லட்சம் மதிப்புள்ள பங்கு என்று சொல்லப்படுவதில் முதல் ஆண்டில் உங்களுக்கு வருவது 80,000 ரூபாய் மதிப்புள்ளதுதான்; அதுவும் கைக்கு வரும் நாளின் மதிப்பில் சம்பளமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். சேர்க்கை போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதையும் பாருங்கள். இப்போது ரீட்டென்ஷன் போனஸால் மாட்டிக்கொண்டதுபோல அங்கும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அந்த ஏழு மாதம்

"எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை, சின்ன கம்பெனி, யாருக்குத் தெரியப் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய பி.எஃப். கணக்குக்குத் தெரியும். அந்த நிறுவனம் சில மாதம் பி.எஃப். பிடித்ததாக நினைவு என்றும், பழைய எண் ஒன்று எங்கோ இருக்கிறது என்றும் நீங்களே சொல்கிறீர்கள். 2014 முதல் ஒவ்வொரு ஊழியருக்கும் தரப்படும் யூ.ஏ.என். என்ற பொது எண்ணின் கீழ், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது சர்வீஸ் ஹிஸ்டரியாகப் பதிவாகிறது. பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் முகமைகள் இப்போது முதலில் கேட்பதே அந்தப் பக்கத்தைத்தான். ஒருவேளை பழைய எண் தனியாக இருந்தாலும், ஒருவருக்கு ஒரே யூ.ஏ.என். என்பதுதான் விதி என்பதால், ஆதார் வழியாக அது என்றைக்காவது இணைக்கப்படும். இன்றே பி.எஃப். உறுப்பினர் தளத்தில் நுழைந்து சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். ஊகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஏழு மாதத்தில் ஒரு வேலையை விட்டது குற்றமில்லை. கல்லூரி முடித்த வயதில் பலரும் அப்படி விட்டிருக்கிறார்கள். நேர்காணல் செய்பவர்களும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. சிக்கல், அந்த இடத்தில் நடக்காத ஒன்றை நீங்கள் எழுதியிருப்பதுதான். பெரிய நிறுவனங்களின் விண்ணப்பத்தின் கடைசியில், "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை; தவறென்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் பணிநீக்கம் செய்யலாம்" என்ற உறுதிமொழி இருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 19ஆம் பிரிவும், தவறான தகவலை நம்பிச் செய்யப்பட்ட ஒப்பந்தத்தை, நம்பி ஏமாந்தவர் விலக்கிக்கொள்ள இடம் தருகிறது. உண்மை வெளிவருவது சேருவதற்கு முன்பென்றால் ஆஃபர் மட்டும்தான் போகும். சேர்ந்த பிறகென்றால் இரண்டு வேலையும் போய், பதிவில் பணிநீக்கமும் ஏறும். என்னிடம் வந்த இளைஞர் ஒருவர் நான்கு மாதப் பழைய வேலையை மறைத்து, புதிய இடத்தில் சேர்ந்த மூன்றாவது மாதம் வெளியேற்றப்பட்டார். அந்த நான்கு மாதத்தை முன்பே சொல்லியிருந்தால் தங்களுக்குப் பொருட்டாகவே இருந்திருக்காது என்று அந்த நிறுவனத்தின் அதிகாரியே அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வேலை இழந்ததைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகம் வருத்தியது.

ஆகவே சரிபார்ப்புப் படிவம் உங்கள் கைக்கு வருவதற்குள் நீங்களே புதிய நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். நீண்ட விளக்கமும் வேண்டாம், மன்றாடவும் வேண்டாம். "என் ரெஸ்யூமில் ஒரு திருத்தம் இருக்கிறது. 2017 ஜூன் முதல் ஏழு மாதம் கோயம்புத்தூரில் இந்த நிறுவனத்தில் பயிற்சிப் பொறியாளராக வேலை பார்த்தேன். முறையான நோட்டீஸ் தராமல் விலகினேன். ரிலீவிங் லெட்டர் என்னிடம் இல்லை. இதை முன்பே குறிப்பிட்டிருக்க வேண்டும், குறிப்பிடாதது என் தவறு. திருத்திய ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன்" என்ற அளவில் இருந்தால் போதும். அந்த ஏழு மாதத்துக்குச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பதிவு, நியமனக் கடிதம் ஏதேனும் இருந்தால் தேடி வையுங்கள். பழைய நிறுவனம் இப்போது நோட்டீஸ் காலச் சம்பளம் கேட்டுத் தொந்தரவு செய்யுமோ என்று நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. ஒப்பந்தத்தை மீறியதற்கான பணக் கோரிக்கைக்குக் காலவரம்புச் சட்டம், 1963 மூன்று ஆண்டுதான் தருகிறது, அது எப்போதோ முடிந்துவிட்டது. சரிபார்ப்பவர் கேட்டால் "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று அவர்கள் சொல்லக்கூடும். அதை நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு வலு இருக்காது.

இதைச் சொன்னதால் ஆஃபர் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். போகலாம், அந்த வாய்ப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கும் நீங்கள் இப்போதைய வேலையில்தான் இருப்பீர்கள், தவணையும் தவறாது. ராஜினாமாவை இத்தனை அழுத்தமாகத் தள்ளிப்போடச் சொல்வது அதற்காகத்தான்.

திரையில் காட்டிய கோடு

இதையும் நீங்கள் எளிதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். "நான் எழுதியது, அதனால் என்னுடையது" என்ற உங்கள் எண்ணம் இயல்பானது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கணினி நிரலைப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இலக்கியப் படைப்பு என்ற வகையில் வைத்திருக்கிறது. வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாக எழுதப்பட்ட படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாத வரை முதல் உரிமையாளர் முதலாளிதான் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கிட்ஹப் கணக்கு பிறர் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தாலும், நிறுவனத்தின் கணினியிலிருந்து அனுமதியில்லாமல் ஒரு நகல் வெளியே வந்துவிட்டது என்பது மாறாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவில் அனுமதியின்றி நகலெடுப்பதும் அடங்கும். அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். உங்களுக்கு அத்தகைய எண்ணம் இல்லை என்பது தெளிவு. எனினும் அந்த விளக்கத்தை ஒரு காவல் நிலையத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வரக் கூடாது.

உங்களுக்கு இதுவரை நிறுவனத்திடமிருந்து விசாரணைக் கடிதமோ நோட்டீஸோ வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் ஒரு வழக்கறிஞரிடம் நிலைமையைச் சொல்லிவிட்டு, அந்த நகலை உங்கள் கணக்கிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் நீக்கிவிடுங்கள். ஒருவேளை இதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டால், வழக்கறிஞர் சொல்லாமல் எதையும் நீக்காதீர்கள். அப்போது நீக்குவது ஆதாரத்தை அழித்ததாகத் திரும்பும். புதிய நிறுவனத்துக்கு அந்தக் கோட்டின் ஒரு வரியைக்கூடக் கொண்டுபோகாதீர்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினியில் பிறர் கோடு நுழைவதைத் தங்களுக்கே வரும் ஆபத்தாகப் பார்க்கின்றன. மூன்றாவது சுற்றில் நீங்கள் காட்டியதைப் பார்த்தவர் திறமையை மெச்சியிருந்தாலும், "நாளை நம்முடையதையும் இப்படித்தான் காட்டுவாரோ" என்று ஒரு நொடி யோசித்திருப்பார்.

இனி எந்த நேர்காணலுக்குப் போனாலும் செய்த வேலையைக் காட்டுவதற்கு வேறு வழி இருக்கிறது. பிரச்சினை என்ன, ஒரு நொடிக்குத் தோராயமாக எத்தனை கோரிக்கைகள் வந்தன, வரிசையில் செய்திகள் தேங்கியபோது என்னென்ன வழிகளை யோசித்தீர்கள், எதை ஏன் கைவிட்டீர்கள் என்பதை வெள்ளைப் பலகையில் நீங்களே புதிதாக வரைந்து சொல்லுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் உள் எண்களையும் விட்டுவிடுங்கள். மென்பொருள் அமைப்பை வடிவமைக்கச் சொல்லும் சிஸ்டம் டிசைன் சுற்றில் அவர்கள் பார்க்க விரும்புவது நீங்கள் யோசிக்கும் விதத்தை. அலுவலகத்துக் கோப்பு அதற்குத் தேவையில்லை.

90 நாள், போனஸ், மிரட்டல்

இப்போது நீங்கள் அஞ்சும் விஷயங்களுக்கு வருகிறேன். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேலை பார்க்க வைக்க இந்தியாவில் எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது; தனிமனிதரின் உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தைக் கட்டாயமாக நிறைவேற்றச் சொல்ல முடியாது என்பது குறித்தவகைத் தீர்வுச் சட்டம், 1963 உறுதிப்படுத்தியிருக்கும் நிலை. நிறுவனத்தால் கேட்க முடிவது பணம் மட்டுமே. மீதமுள்ள 45 நாளுக்கான தொகையைக் கட்டிவிட்டு விலக உங்கள் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா, அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்திலா மொத்தச் சம்பளத்திலா என்பதை நியமனக் கடிதத்தில் பாருங்கள். சில கடிதங்களில் "நிறுவனத்தின் விருப்பப்படி" என்ற சொல் இருக்கும். அப்போது பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கும். இந்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் காலப் பிடித்தத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2022 ஆகஸ்டிலேயே மத்திய அரசின் சுற்றறிக்கை தெளிவுபடுத்திவிட்டது. இன்னொரு பக்கம், 45 நாள் என்பது புதிய நிறுவனம் கேட்ட முதல் விருப்பம்தான். 90 நாள் நோட்டீஸ் நம் ஊர் ஐ.டி. துறையில் பரவலாக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். 75 நாள் கேட்டுப் பாருங்கள்.

ரீட்டென்ஷன் போனஸைப் பொறுத்தவரை உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு. "பாண்ட் எல்லாம் செல்லாது" என்பது பாதி உண்மை. வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனைதான் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. 1980இல் முர்காய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட தடையை ஏற்கவில்லை. ஆகவே போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக் கூடாது என்ற வரியை நினைத்து நீங்கள் தூக்கத்தை இழக்க வேண்டாம். ஆனால் பணிக்காலத்தோடு பிணைந்த நியாயமான பணப் பொறுப்பு வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டு பணியாற்றாமல் விலகிய அதிகாரி இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, ஆள் சேர்ப்புக்குப் பெருஞ்செலவு என்ற பின்னணியில் சொல்லப்பட்டது. எனினும் நீங்கள் வாங்கியது கையில் ரொக்கமாக வந்த போனஸ், திருப்பித் தருவதாகத் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கட்டத் தயாராக இருங்கள். அக்டோபரிலிருந்து பணியாற்றிய மாதங்களைக் கழித்து மீதியை மட்டும் வாங்கிக்கொள்ளக் கேளுங்கள். வரி பிடித்ததுபோக உங்கள் கணக்குக்கு வந்த தொகையை மட்டும் கட்டுகிறேன் என்றும் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். புதிய நிறுவனம் இதை ஈடுசெய்ய முன்வருமா என்று ஆஃபர் பேசும்போதே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நாஸ்காம் என்பது 1988இல் தொடங்கப்பட்ட, மென்பொருள் நிறுவனங்கள் உறுப்பினராக உள்ள தொழில் அமைப்பு. எந்த ஊழியரையும் வேலை பார்க்கக் கூடாது என்று தடுக்கும் சட்ட அதிகாரம் அதற்கு இல்லை. அந்த மிரட்டலை அத்தோடு விட்டுவிடலாம். ரிலீவிங் லெட்டர் விஷயம் மட்டும் நடைமுறையில் தொல்லை தரும். ராஜினாமாவை அலுவலக மின்னஞ்சலில் அனுப்பி, சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகும்படி செய்யுங்கள். நீங்கள் ஒப்படைத்த வேலை, மடிக்கணினி திருப்பித் தந்த ரசீது, கட்டிய தொகை எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கட்டும். கணக்கைத் தீர்த்த பிறகும் கடிதம் தராவிட்டால் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸிலேயே பெரும்பாலும் வந்துவிடுகிறது. பி.எஃப். தளத்தில் விலகிய தேதியை நிறுவனம் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிந்துகொள்ளலாம். சம்பள பாக்கிக்கு 45 நாள், 60 நாள் என்று சொல்லும் வழக்கமும் இனிச் சரியில்லை; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளில் தந்துவிட வேண்டும் என்கிறது.

பணிக்கொடையை மறந்துவிட்டீர்கள்

கடிதத்தில் ஓரிடத்திலும் கிராஜுவிட்டி, அதாவது ஐந்து ஆண்டு பணி முடித்து விலகுபவருக்கு நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடை, என்ற சொல்லே இல்லை. உங்களுக்கு 2026 ஜூலையில் ஐந்து ஆண்டு நிறைகிறது. 90 நாளையும் முழுதாகப் பார்த்துவிட்டுப் போனால் எந்தத் தகராறும் இல்லாமல் அது உங்களுக்கு வரும். 45 நாளில் போனால் சில வாரம் குறையும். அப்போதும் உரிமை போய்விடாது என்பதே என் கருத்து: 1998இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டது, வாரத்தில் ஆறு நாளுக்கும் குறைவாக இயங்கும் நிறுவனங்களுக்கு 190 நாளே போதும் என்று சட்டமும் சொல்கிறது. எனினும் பல நிறுவனங்கள் ஐந்து ஆண்டு நிறையவில்லை என்று மறுத்து, உரிய அதிகாரியிடம் உங்களை அலைய விடுகின்றன. உங்கள் அடிப்படைச் சம்பளம் 48,000 ரூபாய் என்பதை வைத்துக் கணக்கிட்டால், அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, ஐந்து ஆண்டுக்குப் பார்க்கையில் சுமார் 1,38,000 ரூபாய் வருகிறது. நீங்கள் திருப்பித் தர வேண்டிய போனஸில் பாதிக்கு மேல் இதிலேயே ஈடாகிவிடும். புதிய நிறுவனத்திடம் 45 நாளை நீட்டித்துக் கேளுங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நோட்டீஸ் காலத்தில் நீங்கள் இன்னும் அவர்களுடைய ஊழியர்தான். அந்த நாள்களில் கோடு வெளியே போன விஷயம் தெரியவந்தால் விசாரணை நடத்தி நீக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ராஜினாமா செய்தவரின் பணிக்கொடையைப் போனஸ் பாக்கிக்காகப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் நிறுவனத்துக்கு இழப்பு உண்டாக்கியதற்காக நீக்கப்பட்டவரின் பணிக்கொடையை அந்த இழப்பின் அளவுக்குப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. கிட்ஹப் நகலை உடனே கவனியுங்கள் என்று சொன்னது இதற்காகவும்தான்.

வழக்கறிஞரைப் பார்க்கச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தால் உங்கள் மாவட்ட ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுவார்கள். போகும்போது நியமனக் கடிதம், போனஸுக்குக் கையெழுத்திட்ட தாள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரிப் பக்கம் ஆகியவற்றை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். உங்கள் அப்பாவிடம், இப்போதைக்கு வேலையை விடவில்லை என்றும், ஆஃபர் லெட்டர் வந்து சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் விடுவேன் என்றும் இன்று இரவே சொல்லிவிடுங்கள். அந்தத் திருத்த மின்னஞ்சலை நாளைக் காலையில் அனுப்பிவிடுங்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.